இராக்கிலிருந்து கூட்டாளி நாடுகள் கிளம்பிய கதை

கீழக்கரைப் பக்கத்துத் தம்பி ஒருவர், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர், இப்படிக் கேட்டிருக்கிறார்: "அண்ணே, 2003 இராக் போரில் அமெரிக்காவோடு நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகள் நின்றன என்று புத்தகத்தில் இருக்கிறது. ஐந்தாறு வருஷத்துக்குள் ஒருத்தர் பாக்கியில்லாமல் படையைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பயந்து ஓடினார்களா? அவர்கள் போனதால்தான் அமெரிக்கா அங்கே சிக்கிக்கொண்டதா? இந்தியா ஏன் அனுப்பவில்லை?"

பயந்து ஓடியவர்கள் என்று சொல்லத்தக்கவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலான நாடுகள் உள்ளே போகும்போதே எப்போது வெளியே வருவோம் என்பதையும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டுத்தான் போயின. அந்த முடிவை எழுதியது அவரவர் நாடாளுமன்றம், தேர்தல், கஜானா, அப்புறம் வெளிநாட்டில் பிழைக்கப் போயிருந்த அவரவர் மக்கள். போர்க்களத்தில் என்ன நடந்தது என்பதற்கு அதில் பங்கு உண்டு, ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை.

முதலில் அந்த "நாற்பதுக்கு மேல்" கணக்கைப் பார்த்துவிடுவோம். வெள்ளை மாளிகைப் பட்டியலில் ஒரு கட்டத்தில் 49 பெயர்கள் இருந்தன. பலாவ், மார்ஷல் தீவுகள், மைக்ரோனேசியா, ஐஸ்லாந்து எல்லாம் அதில் உண்டு. இவற்றுக்குச் சொந்தமாகப் பட்டாளமே கிடையாது. கோஸ்டா ரிகா இன்னும் வேடிக்கை. 1949 அரசியல் சட்டத்திலேயே ராணுவத்தை ஒழித்துவிட்ட நாடு அது. பட்டியலில் பெயர் இருப்பது நம் சட்டத்துக்கு ஒவ்வாது என்று அந்நாட்டு நீதிமன்றம் 2004 செப்டம்பரில் தீர்ப்புச் சொல்ல, பெயரை எடுத்துவிடுங்கள் என்று அரசு அமெரிக்காவிடம் கேட்டுக்கொண்டது. அனுப்பாத பட்டாளத்தை வாபஸ் வாங்கிய நாடு என்று தாராளமாகச் சொல்லலாம்.

2003 மார்ச்சில் படையெடுப்பில் நேரடியாக இறங்கியவர்கள் அமெரிக்கா, சுமார் 45,000 பேரோடு பிரிட்டன், சுமார் 2,000 பேரோடு ஆஸ்திரேலியா, ஒரு சிறு குழுவோடு போலந்து. மற்றவர்கள் பாக்தாத் விழுந்த பிறகு வந்தவர்கள். "சண்டைக்குப் போகவில்லை, பள்ளிக்கூடம் கட்டவும் தண்ணீர் சுத்தம் செய்யவும் போகிறோம்" என்று சொந்த ஊரில் சொல்லிவிட்டு வந்தவர்கள். இதை மறந்துவிடாதீர்கள். 2004 ஏப்ரலில் நஜஃப் பக்கம் ஷியா மதகுரு முக்ததா அல்-சதரின் ஆட்கள் துப்பாக்கியைத் தூக்கியதும், பள்ளிக்கூடம் கட்ட வந்தவர்கள் சண்டையின் நடுவில் நின்றார்கள். உச்சத்தில் இருந்தபோதும் அமெரிக்கர் அல்லாத படை எல்லாம் சேர்த்து இருபத்தைந்தாயிரம் பேர் அளவில்தான். அதிலும் மூன்றில் ஒரு பங்கு பிரிட்டன். அமெரிக்கர்கள் மட்டும் ஒன்றேகால், ஒன்றரை லட்சம்.

முதலில் பெரிய சத்தத்தோடு கிளம்பியது ஸ்பெயின். 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்துச் சுமார் 190 பேர் இறந்தார்கள். மூன்றே நாளில் தேர்தல். பிரதமர் அஸ்னாரின் அரசு தோற்றது, எதிர்க்கட்சியின் சபத்தேரோ பிரதமராக வந்தார், பதவியேற்ற மறுநாளே 1,300 வீரர்களையும் திரும்பச் சொல்லிவிட்டார். "குண்டுக்குப் பணிந்தார்கள்" என்று அன்றைக்கு நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ஐ.நா. பொறுப்பேற்காவிட்டால் படையைத் திருப்புவேன் என்பது குண்டு வெடிப்பதற்கு முன்பே அவர் கொடுத்திருந்த வாக்குறுதி. ஸ்பெயின் மக்களில் மிகப் பெரும்பாலோர் ஆரம்பம் முதலே இந்தப் போரை எதிர்த்தவர்கள். அதோடு குண்டு வைத்தது ஸ்பெயினுக்குள்ளேயே தனிநாடு கேட்ட பாஸ்க் பிரிவினைவாதிகள்தான் என்று அஸ்னார் அரசு அவசர அவசரமாகச் சொன்ன பொய்யான கதைக்கும் சேர்த்துத்தான் ஓட்டு விழுந்தது. ஸ்பெயின் போனதும் அதன் தலைமையில் இருந்த ஹோண்டுராஸும் டொமினிகன் குடியரசும் பின்னாலேயே போயின. நிகராகுவா அதற்கு முன்பே, பிப்ரவரியிலேயே போய்விட்டது. மாற்று ஆட்களை அனுப்பக் கையில் காசில்லை என்பதுதான் காரணம்.

அந்த ஆண்டு ஜூலையில் நடந்தது நம் கடற்கரைக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானது. பிலிப்பைன்ஸ் லாரி டிரைவர் ஒருவர், எட்டுப் பிள்ளைகளின் தகப்பன், ஃபலூஜா பக்கத்தில் கடத்தப்பட்டார். படையை விலக்காவிட்டால் தலையை எடுப்போம் என்றார்கள். பிலிப்பைன்ஸ் அங்கே வைத்திருந்தது மொத்தமே 51 பேர். அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் எவ்வளவோ தடுத்தும் அதிபர் அரோயோ அவர்களைத் திரும்பக் கூப்பிட்டார், டிரைவர் உயிரோடு வந்தார். அதே வாரம் ஒரு குவைத் கம்பெனியின் ஏழு டிரைவர்கள் கடத்தப்பட்டார்கள். அதில் மூன்று பேர் இந்தியர்கள். செப்டம்பர் 1 அன்றுதான் விடுதலையானார்கள்.

அந்தச் சமயம் நான் குவைத்தில் வேறொரு லாரி யார்டில் டைம் கீப்பர். குவைத்தின் அப்தலி எல்லையைத் தாண்டி இராக்கின் சஃப்வான் வழியாகப் போகிற டிரெய்லர்களுக்குச் சீட்டு எழுதுகிற வேலை. தொண்டி, பெரியபட்டினம், பனைக்குளத்து ஆட்களும் பஞ்சாபிகளும் பிலிப்பைன்ஸ்காரர்களும் வண்டி ஓட்டினார்கள். கடத்தல் செய்தி வந்ததும் கதவுக்கு உள்பக்கம் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்துத் தரச்சொல்லி டிரைவர்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றார்கள். கம்பெனி தகடு கொடுக்கவில்லை, ட்ரிப் காசைக் கூட்டியது. மணிலாவின் முடிவு டிவியில் வந்தபோது மெஸ்ஸில் பிலிப்பைன்ஸ்காரர்கள் மேஜையைத் தட்டிக் கொண்டாடினார்கள். பக்கத்தில் இருந்த பனைக்குளத்துக்காரர், "இனி நம்மள்ல ஒருத்தனைப் பிடிச்சா டெல்லி எந்தப் பட்டாளத்தைத் திருப்பிக் கூப்பிடும்?" என்று கேட்டார். திருப்பிக் கூப்பிட இந்தியாவுக்கு அங்கே பட்டாளமே இல்லையே. அந்த ஆண்டில்தான் இராக்குக்கு வேலைக்குப் போக இந்திய அரசு தடை போட்டது.

அரோயோ செய்தது கோழைத்தனம் என்று வாஷிங்டனில் பேசினார்கள். அரபு நாடுகளில் பத்து லட்சத்துக்கு மேல் சொந்த மக்களை வேலைக்கு அனுப்பி, அவர்கள் அனுப்புகிற பணத்தில் ஓடுகிற நாடு அது. மே மாதத் தேர்தலில் தட்டுத் தடுமாறி ஜெயித்திருந்த அதிபர், ஒரு டிரைவரின் தலை விழுந்தால் தன் நாற்காலியும் விழும் என்று கணக்குப் போட்டார். இதில் ஒரு முரண்: 51 வீரர்கள் போய்விட்டார்கள், ஆனால் ஆயிரக்கணக்கான பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் அமெரிக்க முகாம்களில் தொடர்ந்து சமைத்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும் இருந்தார்கள். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் எல் சல்வடோர். ஸ்பெயினோடு வந்த மத்திய அமெரிக்க நாடுகளில் அது மட்டும் 2009 தொடக்கம் வரை இருந்தது. சல்வடோர் மக்கள் லட்சக்கணக்கில் பிழைத்தது அமெரிக்காவில், அதுவும் தற்காலிகப் பாதுகாப்பு அனுமதியில். அந்த அனுமதியை நீட்டிப்பது வாஷிங்டன் கையில். வெளிநாட்டுப் பணம் ஒரு நாட்டைக் கிளம்ப வைத்தது, இன்னொரு நாட்டை உட்கார வைத்தது என்பது என் கணிப்பு. வீட்டுக்கு ஒரு ஆளாவது கப்பலோ விமானமோ ஏறுகிற நம் ஊர்ப்பக்கத்தில் இதைப் புரியவைக்கப் பெரிய விளக்கம் தேவையில்லை.

ஒரு நாடு கிளம்பினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க மிக நல்ல இடம் சமாவா. தெற்கு இராக்கில் முத்தன்னா மாகாணத்தின் தலைநகர். அங்கே ஜப்பான் சுமார் 600 பேரை அனுப்பியது. ஜப்பானின் அரசியல் சட்டம் 9ஆம் பிரிவு போரைத் துறந்தது. அதனால் தனியாக ஒரு சட்டம் போட்டு, "சண்டை நடக்காத பகுதிக்கு மட்டும்" என்று அனுப்பினார்கள். தண்ணீர் சுத்தம் செய்வது, ரோடு, பள்ளிக்கூடம் பழுது பார்ப்பது. தற்காப்புக்குத் தவிரச் சுடக்கூடாது. அப்படியானால் காவல் யார்? டச்சுக்காரர்கள், சுமார் 1,350 பேர். 2005 மார்ச்சில் நெதர்லாந்து நாடாளுமன்றம் கொடுத்த கால அளவு முடிந்து டச்சுக்காரர்கள் கிளம்பினார்கள். ஜப்பானியர் நின்றது நின்றபடி. இடத்தை நிரப்ப பிரிட்டன் ஆள் எடுக்கவேண்டியதாயிற்று, ஆஸ்திரேலியா புதிதாக 450 பேரை அனுப்பவேண்டியதாயிற்று. 2006 ஜூலையில் முத்தன்னாவின் பாதுகாப்பு இராக்கியர் கையில் ஒப்படைக்கப்பட்டது. காவலுக்கு இருந்தவர்கள் நகர, அதே மாதம் ஜப்பானின் தரைப்படையும் ஊர் திரும்பியது. சண்டையில் ஒருவரைக்கூட இழக்காமல். (விமானப்படை மட்டும் குவைத்திலிருந்து 2008 டிசம்பர் வரை சரக்கும் ஆட்களும் ஏற்றிப் பறந்தது. பாக்தாத்துக்கு அப்படிப் பறப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நகோயா உயர்நீதிமன்றம் அந்த ஆண்டு ஏப்ரலில் சொன்னதும் உண்டு.)

கரைவலை இழுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் ஒருவன் கையை விட்டால் வலை உடனே போய்விடாது, அவனுக்கு முன்னும் பின்னும் நிற்கிறவனுடைய தோளில் பாரம் ஏறும். சமாவாவில் நடந்தது அதுதான். 1,350 என்ற எண்ணிக்கை இராக் போருக்குப் பெரிதில்லை. ஆனால் அந்த ஒரு மாகாணத்துக்கு அதுதான் எல்லாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலி நாசிரியாவில் சுமார் 3,000 பேரை வைத்திருந்தது. 2003 நவம்பர் 12 அன்று அங்கே ஒரு லாரி குண்டில் 19 இத்தாலியர் செத்தார்கள். அப்போதும் பிரதமர் பெர்லுஸ்கோனியின் அரசு அசையவில்லை. எதிரணியின் புரோடி தேர்தலில் ஜெயித்து வந்த பிறகு, 2006 முடிவில்தான் கிளம்பினார்கள். குண்டுக்குத்தான் எல்லாரும் ஓடினார்கள் என்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஆஸ்திரேலியாவில் கெவின் ரட் தேர்தல் வாக்குறுதியாகச் சொல்லி ஜெயித்து, 2008 ஜூனில் சண்டைப் படையை எடுத்தார். தென்கொரியா ஒரு சமயம் 3,600 பேரோடு மூன்றாவது பெரிய படை. வருஷா வருஷம் நாடாளுமன்றத்தில் நீட்டிப்புக் கேட்டு, ஒவ்வொரு முறையும் ஆளைக் குறைத்து, 2008 டிசம்பரில் முடித்துக்கொண்டது. நிஜமாகவே அவசரத்தில் கிளம்பியது ஜார்ஜியா மட்டும்தான். 2008 ஆகஸ்டில் ரஷ்யாவோடு சண்டை மூண்டதும் இராக்கில் இருந்த அவர்களுடைய 2,000 வீரர்களை அமெரிக்க விமானங்களே சில நாளில் ஊரில் கொண்டுபோய் இறக்கின. வீடு பற்றி எரியும்போது யாரும் குறை சொல்ல முடியாது.

பிரிட்டன் கதை தனி. கடைசி வரை கூட நின்ற பெரிய கூட்டாளி, 179 பேரைப் பறிகொடுத்தது. ஆனால் என் பார்வையில் மற்ற எல்லாரையும்விட மோசமாகக் கிளம்பியதும் அதுதான். தெற்கு இராக்கின் பஸ்ராவில் தங்கள் மேல் தினமும் ராக்கெட் விட்டுக்கொண்டிருந்த ஆயுதக் குழுவோடு ரகசியமாகப் பேசி, சிறையில் இருந்த அவர்களுடைய ஆட்களை விட்டு, அந்தப் புரிதலோடு 2007 செப்டம்பரில் பஸ்ரா அரண்மனையைக் காலி செய்து விமான நிலையத்துக்குப் பின்வாங்கினார்கள். ஆறே மாதத்தில், 2008 மார்ச்சில், இராக் பிரதமர் மாலிகி தன் படையை இறக்கி, அமெரிக்கர் துணையோடு ஊரை மீட்டார். பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் ஓரமாக நின்று பார்த்தார்கள். அப்படி ஒரு நிலைக்கு வந்தது அவமானம் என்று 2016இல் வெளியான, பிரிட்டன் அரசே அமைத்த சில்காட் விசாரணையின் அறிக்கையே எழுதிவிட்டது. நாடாளுமன்றத்தில் தேதி சொல்லிக் கிளம்பிய டச்சுக்காரர்களையும், அங்கேயே இருந்துகொண்டு ஊரைக் கைவிட்டவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "யார் எத்தனை நாள் இருந்தார்கள்" என்பதை விசுவாசத்துக்கு அளவுகோலாக நான் எடுக்காததற்கு இதுதான் காரணம்.

பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஒன்று இருக்கிறது, ஐ.நா. தாள். 2004 ஜூனில் பாதுகாப்புச் சபை 1546ஆம் தீர்மானத்தின்படி பன்னாட்டுப் படைக்கு அங்கே இருக்க அனுமதி கொடுத்தது. அதை ஆண்டுக்கு ஒருமுறை நீட்டித்தார்கள். 2007 டிசம்பரில் வந்த 1790ஆம் தீர்மானம்தான் கடைசி, 2008 டிசம்பர் 31 வரை. இனி நீட்டிப்பு வேண்டாம் என்று இராக் அரசே சொல்லிவிட்டது. அமெரிக்கா 2008 நவம்பரில் தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. நூறு, இருநூறு பேர் வைத்திருந்த நாடுகளுக்கு அதற்காகத் தனியாக ஒப்பந்தம் பேசப் பொறுமையும் இல்லை, தேவையும் இல்லை. அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதத்தில் பத்துக்கு மேற்பட்ட நாடுகள் கிளம்பியதன் ரகசியம் அவ்வளவுதான். நம் ஆட்கள் அக்காமா (வளைகுடா நாட்டில் தங்கும் அனுமதி) முடிகிற மாதம் பெட்டியைக் கட்டுவது யாரையும் பார்த்துப் பயந்தா என்ன?

சரி, இவர்கள் போனதால்தான் அமெரிக்கா சிக்கியதா? தேதிகள் அப்படிச் சொல்லவில்லை. இராக்கில் ரத்தம் அதிகம் ஓடியது 2006 பிப்ரவரியில் ஷியாக்களின் புனிதமான சமாரா மசூதியில் குண்டு வைத்த பிறகு, 2007 நடுப்பகுதி வரை. சண்டை அதிகம் நடந்த பாக்தாத்திலும் அன்பாரிலும் கூட்டாளி நாடுகளின் படை அநேகமாக இல்லவே இல்லை, அமெரிக்கரும் இராக்கியரும்தான். 2007 பிற்பகுதியிலிருந்து சாவு குறைந்தது. அமெரிக்கா கூடுதல் படை இறக்கியது, சுன்னி இனக்குழுக்கள் அல்-காய்தாவுக்கு எதிராகத் திரும்பியது, சதர் சண்டை நிறுத்தம் அறிவித்தது ஆகிய மூன்றும் சேர்ந்து அதைச் செய்தன. அந்தச் சமயத்தில்தான் கூட்டாளிகள் வரிசையாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆகவே கூட்டாளிகள் போனதால் அமெரிக்கா இழந்தது ஆள் பலத்தை அல்ல, "உலகமே எங்களோடு இருக்கிறது" என்று சொல்லிக்கொள்கிற வாய்ப்பை. அதுவும் சின்ன இழப்பு இல்லை, அதற்காகத்தானே அந்த 49 பெயர்களைச் சேர்த்தார்கள்.

தலைவனே கிளம்பினால் கதை வேறு. 2021 தொடக்கத்தில் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கர் 2,500 பேர், நேட்டோ கூட்டாளிகள் சுமார் 7,000 பேர். கூட்டாளிகளே அதிகம். ஆனாலும் ஏப்ரலில் பைடன் தேதி சொன்னதும் ஜெர்மனி ஜூன் முடிவதற்குள் போய்விட்டது. விமானம், உளவு, அடிபட்டவரைத் தூக்கிவர ஹெலிகாப்டர் எல்லாம் அமெரிக்காவுடையது. அது இல்லாமல் ஒரு வாரம் கூட நிற்க முடியாது.

இந்தியாவுக்கு வருவோம். 2003இல் ஒரு டிவிஷன், அதாவது 17,000 பேர் அளவுக்கு அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டது. டெல்லியில் "போகலாம்" என்று நினைத்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். அந்த ஏப்ரலில் மக்களவை போரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டிருந்தது. ஜூலை 14 அன்று வாஜ்பாய் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு, ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இல்லாமல் அனுப்புவதற்கில்லை என்று முடிவு செய்தது. திரும்பக் கூப்பிடுகிற தலைவலியே வராமல் போனதற்கு அந்த முடிவுதான் காரணம். ஆனால் "நாம் எங்கேயும் போய்த் திரும்பியதில்லை" என்று நேர்முகத் தேர்வில் சொல்லிவிடாதீர்கள். சியரா லியோனில் ஐ.நா. படைக்கு ஓர் இந்திய ஜெனரல்தான் தலைமை வகித்தார். நைஜீரிய அதிகாரிகளோடு உரசல் முற்றி, 2000 செப்டம்பரில் சுமார் 3,000 பேரையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது இந்தியாதான்.

அதற்கும் முன்னால் இலங்கைக்குப் போன அமைதிப்படை. அது பன்னாட்டுப் படை இல்லை, நம் படை மட்டும்தான். 1987இல் போனது. போ என்று இலங்கை அதிபர் பிரேமதாசா 1989இல் நாள் குறித்தார், கடைசிக் கப்பல் 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையை விட்டது. ஜூனில் அங்கே மறுபடி போர். அந்த ஆண்டு ராமேஸ்வரம் கரையில் இறங்கிய அகதிகளையும் மண்டபம் முகாம் நிரம்பி வழிந்ததையும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், தேர்வுக்குப் பயன்படாவிட்டாலும். படை எங்கே போய்ச் சேர்ந்தது என்று எழுதுகிறவர்கள், அது விட்டுப்போன இடத்து மக்கள் எந்தக் கரையில் ஏறினார்கள் என்பதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

கடைசியாக, தேர்வுக்கு ஆகிற ஒரு தகவல். 2009 ஜூலையில் ருமேனியா கிளம்பியது. பிரிட்டனின் கடற்படைப் பயிற்சியாளர்கள் நூறு பேர் அளவுக்குத் தங்க விரும்பினார்கள், ஆனால் இராக் நாடாளுமன்றம் அனுமதிச் சட்டத்தை நிறைவேற்றாமலே விடுமுறைக்குப் போய்விட்டதால் அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குவைத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் பிறந்தபோது "பன்னாட்டுப் படை – இராக்" என்ற அமைப்பில் அமெரிக்கர் மட்டும்தான் பாக்கி. பெயர்ப்பலகையை மாற்ற 2010 ஜனவரி 1 வரை ஆனது. அன்றிலிருந்து அதன் பெயர் "அமெரிக்கப் படைகள் – இராக்". அவர்களும் 2011 டிசம்பர் 18 அன்று குவைத் எல்லையைத் தாண்டினார்கள்.